கூட்டத்தில் ஹீட் ஆகும் பழைய குவாலிஸ்: ஃபேன் கிளட்ச்சை மாற்றுவதா, வெல்டு வைப்பதா?

நீங்கள் சொன்னதைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். உச்சிப்புளியில் வாடகைக்கு ஓடும் 2003 டீசல் டொயோட்டா குவாலிஸ். மதுரை ரோட்டில் எண்பதில் போனாலும் ஹீட் முள் பாதியைத் தாண்டுவதில்லை. ராமேஸ்வரத்துக்குள் அமாவாசைக் கூட்டத்தில் ஊர்ந்து போனால் கால் மணி நேரத்தில் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒரு மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், ஃபேன் கிளட்ச் (ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு பிடித்துச் சுற்ற வைக்கும் பாகம்) போய்விட்டது, வெல்டு வைத்து ஃபேனை நேராகச் சுற்ற விட்டுவிடலாம் என்கிறார். புது ஃபேன் கிளட்ச் வாங்கி நானே மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டலாம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, குற்றம் அந்த ஃபேன் கிளட்ச்சில்தானா என்பது. பார்க்காமல் பார்ட்ஸ் வாங்கினால் பணம் போய்விடும், ஹீட் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் கண்டுபிடிப்பதை முதலில் சொல்கிறேன், மாட்டுவதை அப்புறம் சொல்கிறேன்.

நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். ராமநாதபுரத்தில் டீசல் வண்டிகள் பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் பெரும்பாலானவை கடற்கரை ஓரமாகவே ஓடித் தேய்ந்த வண்டிகள்: மீன் ஏற்றுகிறவை, தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றுகிறவை, ஈசிஆரில் சாயல்குடிக்கும் தொண்டிக்குமாக அலைகிறவை. உங்கள் வண்டியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆகவே கீழே எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். வேகமாகப் போகும்போது ஹீட் ஆகாமல், நின்று நின்று போகும்போது மட்டும் ஹீட் ஆனால், ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று பொருள். எண்பதில் போகிற வண்டிக்கு ஃபேனே தேவையில்லை, ஓட்டத்திலேயே முன்கிரில் வழியாக வேண்டிய காற்று வந்துவிடும். ஊர்ந்து போகும்போது காற்றை இழுக்கிற வேலை முழுக்க ஃபேன் தலையில் விழுகிறது. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலோ, வாட்டர் பம்ப் தண்ணீரைச் சரியாகத் தள்ளாவிட்டாலோ, சூட்டுக்கேற்பத் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு பாதியில் சிக்கியிருந்தாலோ, பொதுவாக நேர் எதிராக நடக்கும். லோடு ஏற்றி, வேகம் பிடித்து, பாலம் ஏறும்போது முள் ஏறும். உங்கள் வண்டி அப்படிச் செய்யவில்லை. அதனால் ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் சொல்வதை உடனே கேட்க வேண்டாம். முழுக்க ஒதுக்கவும் வேண்டாம், அதற்கு இந்தக் கரையில் ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

ஃபேன் கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் சோதிப்பது சுலபம். வாட்டர் பம்ப் புல்லிக்கு முன்னால், ஃபேனுக்கு நடுவில், வரிவரியாகத் தகடு வைத்த ஒரு அலுமினிய டப்பா இருக்கிறதல்லவா, அதுதான். அதன் உள்ளே சிலிக்கான் ஆயில் இருக்கும், தேன் மாதிரி கெட்டியாக. பம்ப்போடு சுற்றுகிற தட்டு ஒன்று, ஃபேனோடு ஒட்டிய உடம்பு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய இடைவெளி, அதில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். இந்த இடைவெளிக்குள் ஆயில் நிறைந்தால் தட்டு உடம்பை இழுத்துக்கொண்டு சுற்றும். ஆயில் பின்வாங்கினால் நழுவும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். ஆயிலை விடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது முன்பக்கம் தெரியும் சுருள் பட்டை. இரண்டு உலோகம் ஒட்டிய அந்தப் பட்டை, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டில் வளைந்து உள்ளே ஒரு சின்ன வால்வைத் திறக்கும். காற்று குளிர்ந்தால் மூடிவிடும். அதனால்தான் இந்த ஃபேன் தேவைப்படும்போது மட்டும் வேகமெடுக்கிறது. மற்ற நேரத்தில் இன்ஜினுக்குப் பாரமாக இருப்பதில்லை. முழுப் பிடியில்கூட அது பம்ப்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் சுற்றும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அதைக் குறை என்று நினைக்காதீர்கள்.

இது கெடுவது பெரும்பாலும் மூன்று வழியில். சீல் வழியாக ஆயில் கசிந்து பிடி குறையும். பெயரிங் தேய்ந்து ஆட்டம் வரும். முன்னால் இருக்கிற சுருள் உப்பும் தூசியும் ஏறி அசையாமல் நின்றுவிடும், அல்லது முனையில் கழன்றுபோகும். இருபது வருஷம் தாண்டிய வண்டியில் இந்த மூன்றும் சேர்ந்தே இருந்தாலும் ஆச்சரியமில்லை.

சரி, சோதனை. காலையில் வண்டி எடுப்பதற்கு முன், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது செய்யுங்கள். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஃபேன் இறக்கையைக் கையால் ஒரு தட்டு தட்டிச் சுற்றிவிடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் ஒரு மந்தமான எதிர்ப்பு தெரியும், ஒரு சுற்று முடிவதற்குள் நின்றுவிடும். மேசை ஃபேன் மாதிரி மூன்று நான்கு சுற்று தானாக ஓடினால் உள்ளே ஆயில் இல்லை, இதில் சந்தேகமே வேண்டாம். எதிர்மாறாக, பெல்ட்டோடு சேர்ந்துதான் அசைவேன் என்று இறுகிக் கிடந்தால் ஜாம் ஆகிவிட்டது. ஜாம் ஆன கிளட்ச் கூட்டத்தில் ஹீட் ஏற்றாது, ஆனால் எப்போதும் இரைச்சலாக இருக்கும், டீசல் குடிக்கும். உங்கள் வண்டியில் அது இருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, எதிரெதிராக இருக்கும் இரண்டு இறக்கைகளின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். நுனியில் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் பெயரிங் போய்விட்டது. ஆனால் ஆடுவது கிளட்ச் பெயரிங்கா, வாட்டர் பம்ப் பெயரிங்கா என்று பிரிக்க வேண்டும். ஒரு கையால் புல்லியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஃபேனை ஆட்டுங்கள். புல்லி அசையாமல் ஃபேன் மட்டும் ஆடினால் கிளட்ச். புல்லியும் சேர்ந்து ஆடினால் பம்ப்பும் போய்விட்டது. பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கிருந்து கீழே காய்ந்த கூலண்ட் கோடு இறங்கியிருந்தால் உள்ளே சீல் கசிகிறது. அப்படி இருந்தால் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். தனித்தனியாக மாற்றினால் அதே நட்டுகளை இரண்டு தடவை கழற்ற வேண்டும், கூலி இரண்டு தடவை கொடுக்க வேண்டும்.

கிளட்ச்சின் முகத்தையும் கிட்டத்தில் பாருங்கள். நடுச்சுருளைச் சுற்றியோ பின்பக்கம் தண்டு நுழையும் இடத்திலோ ஈரப்பசையான கறுப்பு வளையம் தெரியும். அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வெளிப்பக்கம் கோடுகள் ஓடியிருக்கும். கசிந்த சிலிக்கான் ஆயிலில் மண்தூசி ஒட்டி அப்படி ஆகிறது. விரலால் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பாக இருக்கும். லேசான கறை மட்டும் இருந்தால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பழைய கிளட்ச்சில் கொஞ்சம் கசிவுத்தடம் இருந்தும் நன்றாகவே பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வளையம் தடிமனாக, ஈரமாக இருந்தால்தான் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம்.

குளிர்ந்த சோதனையில் இரண்டும் கெட்டானாக இருந்தால், அதாவது ஒன்றரை இரண்டு சுற்று ஓடி நின்றால், சூட்டில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் எந்த அறையில் தங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்துக் கைக்குத் தெரியும் எதிர்ப்பு மாறும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையை வைத்து முக்கால் பாகத்தை மூடிவிட்டு, இன்ஜினை 2000 ஆர்பிஎம் பக்கம் ஓட விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹீட் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூடு ஏற ஏற, நல்ல கிளட்ச் ஒரு கட்டத்தில் பிடிக்கும். அப்போது ஃபேன் சத்தம் சட்டென்று மாறி ‘ஹோ’ என்று இரையும், அட்டையை எடுத்தால் முள் மெதுவாக இறங்கும். முள் முக்காலைத் தாண்டியும் அந்த இரைச்சல் வரவில்லை என்றால் உடனே அட்டையை எடுங்கள், சோதனை முடிந்தது, கிளட்ச் பிடிக்கவில்லை. முள்ளைச் சிவப்பு வரை விட்டுப் பார்க்க வேண்டாம். வண்டியை அணைத்ததும் ஃபேனைக் கவனியுங்கள். சூட்டில் நல்ல கிளட்ச் இன்ஜினோடு சேர்ந்து நின்றுவிடும். கெட்டது சோம்பலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஓடுகிற ஃபேனுக்குள் சுருட்டிய பேப்பரை விட்டு நிறுத்திப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். இருபது வருஷ பிளாஸ்டிக் இறக்கை உடைந்து பறந்தால் முகத்துக்கு நேராக வரும். தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, கட்டிய லுங்கி முனை, எதுவும் ஓடுகிற பெல்ட் பக்கம் போகக்கூடாது. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் திறக்கக்கூடாது. மூடியில் அழுத்த அளவு 0.9 என்று எழுதியிருந்தால், அந்த அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஆவியாகக் கொப்புளித்து முகத்தில் அடிக்கும்.

இனி சந்தேகமான பகுதி. காற்று போதவில்லை என்பது உறுதி, ஆனால் அதற்கு ஃபேன் கிளட்ச் மட்டுமே காரணம் என்பது உறுதியில்லை. அதே அடையாளத்தைக் காட்டும் வேறு குற்றங்கள் உண்டு. நான் அதிகம் பார்ப்பது, ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவர் இல்லாத வண்டி. எப்போதோ ஒரு வேலைக்காகக் கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்ட நேரமாகும் என்று ஓரமாகப் போட்டுவிடுவார்கள். வண்டிக்காரருக்கு அது தொலைந்ததே தெரியாது. கவர் இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது. இறக்கை நுனியைச் சுற்றி, ஏற்கெனவே சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றும். புத்தம் புது ஃபேன் கிளட்ச் மாட்டினாலும் பாதி வேலைதான் நடக்கும். பானெட்டைத் திறந்ததும் முதலில் அதைப் பாருங்கள். கவர் இருக்கிறதா, அடிப்பாகம் உடைந்திருக்கிறதா, ஃபேன் அதற்குள் ஏறக்குறைய பாதி அளவு நுழைந்து நிற்கிறதா என்று பாருங்கள். பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சேரும் குப்பை. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகவே தெரியும். பின்னால் டார்ச் அடித்தால் பனைநார், சீமைக்கருவேல இலை, தும்பிப் பூச்சி, தனுஷ்கோடி மணல் எல்லாம் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். மேல் பிராக்கெட்டைக் கழற்றி ரேடியேட்டரைக் கொஞ்சம் சாய்த்து, இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்து அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின் எல்லாம் மடங்கிவிடும், மடங்கினால் அடைப்புக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

மூன்றாவதுதான் நான் முன்னால் சொன்ன காரணம். நம் கடற்கரையில் ரேடியேட்டர் வெளியிலிருந்து அரிக்கும். குழாய்களுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய ஃபின்தான் சூட்டைக் காற்றுக்குக் கடத்துகிறது. உப்புக்காற்று குழாயும் ஃபின்னும் ஒட்டியிருக்கும் இடத்தைத் தின்றுவிடும். பார்ப்பதற்கு ஃபின் அப்படியே நிற்கும், தொடர்பு மட்டும் அறுந்திருக்கும். செம்பு ரேடியேட்டர் என்றால் அடிப்பக்கம் பச்சை பூத்திருக்கும், அலுமினியம் என்றால் வெள்ளைப் பொடி. ஆள்காட்டி விரல் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். ஃபின் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அந்தப் பகுதி வெறும் அலங்காரம். கால்வாசிக்கு மேல் இப்படி உதிர்ந்திருந்தால் ரேடியேட்டரை மாற்றச் சொன்னவர் சொன்னது சரி, ஃபேன் கிளட்ச்சால் மட்டும் அதை ஈடுகட்ட முடியாது. மீன் லோடு ஏற்றும் வண்டிக்குப் பின்னாலேயே போய், ஐஸ் உருகிச் சொட்டும் உப்புத் தண்ணீரை முன்பக்கம் முழுக்க வாங்கும் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கிறேன். ராத்திரி வண்டி நிறுத்தும் முன் முன்கிரிலில் நல்ல தண்ணீர் ஊற்றிவிடும் டிரைவர்களின் ரேடியேட்டர் நீண்ட நாள் வருகிறது.

உள்ளே ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் பக்கத்து போர்த் தண்ணீர் உப்பு. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் கெண்டியின் அடியில் படிகிற மாதிரி உள்ளே படியும். ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடுவதும் அப்படித்தான். ஓட்டை அடைபடும், கூடவே நல்ல குழாயும் அடைபடும். அவசரத்துக்கு வழியில் போட்டிருந்தால் தப்பில்லை, ஊர் வந்ததும் கழுவி எடுத்துவிடுங்கள். கூலண்ட்டோடு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே வருவது வாங்கினால் அப்படியே ஊற்றலாம், மேலே தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

இப்போது வெல்டு விஷயம். கிளட்ச்சுக்கு வெல்டு வைத்தாலோ, ஓட்டை போட்டு போல்ட் ஏற்றி இறுக்கினாலோ, ஃபேன் இன்ஜின் வேகத்துக்கேற்ப எப்போதும் முழு வேகத்தில் சுற்றும். கூட்டத்தில் ஹீட் குறையும், அதை மறுக்கவில்லை. அதனால்தான் பார்த்தவர்கள் அதை நம்புகிறார்கள். ஆனால் உங்கள் வண்டி கூட்டத்திலேயே நிற்பதில்லை. காலையில் மதுரை ஏர்போர்ட்டில் ஆள் ஏற்றி நான்கு வழிச் சாலையில் வேகமாக வருகிற வண்டி. அந்த வேகத்தில், தேவையே இல்லாத நேரத்தில், ஃபேன் முழு வேகத்தில் காற்றை வெட்டும். டீசல் கூடும். பெல்ட் சீக்கிரம் தேயும். வாட்டர் பம்ப் பெயரிங் மீது எப்போதும் பாரம் இருக்கும். கியர் குறைத்து ஆக்சிலேட்டர் மிதித்து ஓவர்டேக் செய்யும் நேரத்தில் இறக்கையின் அடிப்பாகம்தான் அத்தனை இழுப்பையும் தாங்க வேண்டும். அது இருபது வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்து மஞ்சளாகிப்போன பிளாஸ்டிக். உடைந்தால் ரேடியேட்டரைக் கிழித்துக்கொண்டு போகும். வெல்டு வைத்து வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் மட்டும் மெதுவாக ஓடும் வண்டியில் அது நிற்கலாம், எத்தனை நாள் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆள் ஏற்றி ஹைவேயில் ஓடும் வண்டியில் நான் செய்து தருவதில்லை.

வெல்டுக்கும் புதுசுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: ஆயில் மாற்றுவது. பெயரிங்கில் ஆட்டம் இல்லை, தண்டுப் பக்கம் ஈரம் இல்லை, பிடி மட்டும் குறைந்திருக்கிறது என்றால், டொயோட்டா கிளட்ச்சைத் திறந்து பழைய ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றி மூடலாம். அதற்கென்றே டொயோட்டா சிலிக்கான் ஆயிலைச் சின்ன டியூபில், 18 மில்லி அளவில், விற்கிறது. 3000, 10000 என்று கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்ணோடு வரும். எண் கூடக் கூடப் பிடி கூடும், கூடவே குளிர்ந்த நேரத்து இரைச்சலும் பாரமும் கூடும். உங்கள் கிளட்ச்சுக்கு எந்த எண் என்று ஸ்பேர்ஸ் கவுன்டரில் வண்டியின் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பக்கத்து வண்டிக்கு ஊற்றியதை அப்படியே ஊற்ற வேண்டாம். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரீஸ் எதையும் உள்ளே போடக்கூடாது. சூட்டில் அவை நீர்த்துப்போகும். சிலிக்கான் ஆயிலைத் தேர்ந்தெடுத்ததே சூட்டில் அதன் கெட்டித்தன்மை அதிகம் மாறாது என்பதால்தான். தண்டுப் பக்கம் கசிவு இருந்தால் ஆயில் மாற்றுவது வீண், ஊற்றியது அதே வழியாக வெளியே வந்துவிடும். நீங்கள் வண்டியை நம்பித் தொழில் செய்கிறீர்கள், மேலே சொன்ன சோதனையில் ஆட்டமும் இருந்தால் யோசிக்காமல் புதுசு போடுங்கள்.

புதுசு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, தண்டு முகத்திலிருந்து ஃபேன் உட்காரும் இடம் வரை உயரம், நடு ஓட்டையின் விட்டம் மூன்றையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். உயரம் கொஞ்சம் மாறினாலும் ஃபேன் கவரில் உரசும், அல்லது ரேடியேட்டருக்கு ஆபத்தாக முன்னால் வரும். கையில் பிடித்துச் சுற்றிப் பார்த்தால் எந்த இடத்திலும் கரகரப்பு இல்லாமல் ஒரே சீரான மந்தம் இருக்க வேண்டும். வாங்கிய கிளட்ச்சை வண்டியில் நிற்பது போலவே நிமிர்த்தி வையுங்கள். படுக்கப் போட்டு வைத்தால் ஆயில் பெயரிங் பக்கம் இறங்கிக் கசியும். கடையில் எப்படி வைத்திருந்தார்கள் என்று தெரியாததால் மாட்டும் முன் ஒரு ராத்திரி நிமிர்த்தி வைப்பது நல்லது. இறக்கையின் அடியில் மயிரிழை விரிசல் இருந்தால் ஃபேனையும் சேர்த்து வாங்குங்கள். விரிசலைப் பசை போட்டு ஒட்டக்கூடாது.

கழற்றுவதற்கு முந்தின நாள் சாயங்காலமே, பம்ப் முகத்தில் இருக்கும் நான்கு நட்டுகளுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். கடற்கரை வண்டியில் இந்த ஒரு வேலையை விட்டால் மற்ற எல்லா வேலையும் இரண்டு மடங்காகும். நட்டோடு ஸ்டட்டும் (நட்டு ஏறும் மரைக்கம்பி) சேர்ந்து முறியும், பம்ப்பையே மாற்ற வேண்டிவரும். காலையில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் ஃபின்னுக்கு முன்னால், ஃபேன் பக்கமாக, ஒரு பெரிய அட்டையைச் செருகுங்கள். ஸ்பேனர் நழுவினால் அட்டைதான் அடி வாங்க வேண்டும். பெல்ட்டைத் தளர்த்துவதற்கு முன்பே அந்த நான்கு நட்டுகளையும் இளக்கிவிடுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதுதான் புல்லி சுற்றாமல் நிற்கும். இதை மறந்து பெல்ட்டை முதலில் கழற்றிவிட்டு, புல்லியைப் பிடிக்க ஸ்க்ரூ டிரைவர் செருகி அதை உடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நட்டுகள் இளகியதும் கவரின் போல்ட்டுகளைக் கழற்றிப் பின்பக்கம் தள்ளுங்கள். ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை எடுங்கள். அப்புறம் நட்டுகளை முழுக்கக் கழற்றி, ஃபேனையும் கிளட்ச்சையும் ஒன்றாக மேலே தூக்குங்கள். இடம் குறுகலாக இருந்தால் கவரையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருக்கும். நட்டு அசையவே இல்லை என்றால் சுத்தியல் போட வேண்டாம். அங்கே விழும் அடி பம்ப் பெயரிங்குக்கும் சீலுக்கும்தான் போகும். இன்னொரு முறை ஸ்ப்ரே அடித்துக் காத்திருங்கள், ரிங் ஸ்பேனரால் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, அசைத்து அசைத்து எடுங்கள்.

ஃபேனைக் கிளட்ச்சிலிருந்து பிரிக்கும் முன் எந்தப் பக்கம் ரேடியேட்டரைப் பார்க்கிறது என்று பெயிண்ட்டால் ஒரு பொட்டு வையுங்கள். திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும், அளவுதான் குறைந்துவிடும். அதனால் தப்பு மாட்டியது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. பம்ப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, துணியால் துடையுங்கள். ஒரு பக்கம் துரு திட்டாக இருந்தால் கிளட்ச் சாய்ந்து உட்கார்ந்து, வேகத்தில் அதிரும். ஸ்டட்டுகளுக்கு லேசாக கிரீஸ் தடவலாம், அடுத்த முறை கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். நட்டுகளைக் கையால் முழுக்க ஏற்றிவிட்டு, குறுக்குக்குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். எட்டு மில்லிமீட்டர் ஸ்டட், நீளமான கம்பியில் தொங்கி இறுக்கினால் இழுபட்டுவிடும், சாதாரண ஸ்பேனரில் ஒரு கைப் பலம் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் 20 நியூட்டன் மீட்டர் பக்கம் வைக்கலாம், உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டை, நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும் அளவுக்கு இழுத்து வையுங்கள். கவரை மாட்டியதும் ஃபேனைக் கையால் முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகுதான் பேட்டரி வயரை மாட்ட வேண்டும்.

முதல் தடவை ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிஷம் போல ஃபேன் இரைந்து அடங்கும். ராத்திரி உள்ளே தங்கிய ஆயில் இடம் மாறுகிற சத்தம் அது, பயப்பட வேண்டாம். பிறகு அதே அட்டைச் சோதனையைச் செய்யுங்கள். அது சரியாக வந்தால் ஏசியைப் போட்டு, உச்சி வெயிலில், கூட்டமான ஒரு நாளில் ராமேஸ்வரம் போய் வாருங்கள். ஆடி மாதம் பாம்பன் பாலத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது மேற்கு, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எவ்வளவு அடித்தாலும் ராமேஸ்வரம் போகிற வண்டியின் முகத்துக்கு வராது, பக்கத்திலும் பின்னாலும்தான் அடிக்கும். அதனால் அந்தத் திசையில் ஃபேனுக்கு உண்மையான சோதனை. அங்கே முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் போட்டு, நியூட்ரலில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டிப் பிடியுங்கள். இன்ஜினைச் சட்டென்று அணைத்தால் தண்ணீர் ஓட்டமும் காற்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் மட்டும் பேச்சே இல்லை, ஓரம் கட்டி அணைத்துவிட வேண்டும்.

புது கிளட்ச், கவர், சுத்தமான ஃபின், சரியான மூடி எல்லாம் இருந்தும் முள் ஏறினால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகப்பட வேண்டும். இதற்கு முன்பே பல முறை சிவப்பு வரை போன வண்டி என்பதால் சொல்கிறேன். ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதலில் வரும் ஒன்றிரண்டு குமிழ் உள்ளே சிக்கிய காற்று. நிற்காமல் சீராகக் குமிழ் வந்துகொண்டே இருந்தாலோ, ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது தண்ணீர் பொங்கி வழிந்தாலோ, ஆறிய இன்ஜினில் மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த உடனேயே மேல் ஓஸ் பைப் கல் மாதிரி இறுகினாலோ, சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது. அது ஹெட் இறக்கிப் பார்க்கும் வேலை, வீட்டு வாசலில் வைத்துச் செய்வதில்லை. அதுவரை சவாரி எடுக்க வேண்டாம். குளிர்ந்த நிலையில் ஃபேன் எத்தனை சுற்று ஓடியது, சூட்டில் இரைச்சல் வந்ததா, கவர் இருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். கிளட்ச் முகத்தின் போட்டோவும் போட்டால், ஆயில் மாற்றினால் போதுமா, புதுசு வேண்டுமா என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.